குற்றமில்லாத முன்னூறு நாட்கள்

எங்கள் கேசவநாதர் தெருவில் குற்றம் என்பதே கிடையாது. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. தேதி, கையெழுத்து, முத்திரையோடு எழுத்து மூலமாகச் சொல்கிறேன். மயிலாப்பூரில் மட்டுமல்ல, மாம்பலம், அடையாறு வரைக்கும் தேடினாலும் இப்படி ஒரு தெரு அகப்படாது. அப்பேர்ப்பட்ட தெருவின் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் அடியேன் ஸ்ரீரங்கன். அரசாங்க ஆபீசில் முப்பத்தோரு வருஷம் ஃபைலில் குறிப்பு எழுதியே ரிடையர் ஆனவன்.

தொண்ணூற்றாறாம் வருஷம் பொங்கலுக்கு எங்கள் சங்கத் தலைவர் வெங்கடரமணன் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தார். பிள்ளை வேலை பார்க்கிற ஊரில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தார். சின்ன ஊர். பெயரில் பன்னிரண்டு எழுத்து; அதில் ஏழு எழுத்தை விழுங்கிவிட்டுச் சொல்ல வேண்டுமாம். அந்த ஊரின் வாரப் பத்திரிகை ஒன்றைத் தங்கப் பத்திரம் மாதிரி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் முதல் பக்கத்திலேயே குற்றப் பட்டியல். அந்த மாதத்தில் சைக்கிள் இரண்டு, பூந்தொட்டி ஒன்று, தோட்டத்தில் நிறுத்தியிருந்த குள்ளன் பொம்மை ஒன்று. குள்ளனுக்கு மட்டும் தனியாகப் படம் போட்டிருந்தார்கள்.

"அந்த ஊர்ல பூந்தொட்டி காணாமப் போனாக்கூட போலீஸ்காரா ஆத்துக்கே வந்து எழுதிண்டு போறா ஓய்! தெருவுக்குத் தெரு காவல் கமிட்டி. ஜன்னல்ல ஸ்டிக்கர். அதான் அங்கே குற்றமே இல்லை" என்றார்.

"நாலு இருக்கே ஸார்?"

"அதைத்தான் சொல்ல வரேன். அவா நாலு எழுதறா. நாம பூஜ்யம் எழுதிட்டா இங்கிலாந்தையே மிஞ்சிட்டோமா இல்லையா?"

எனக்கு உடம்பு புல்லரித்துப் போயிற்று. முப்பத்தோரு வருஷ சர்வீஸில் இவ்வளவு தெளிவாக யோசிக்கிற மேலதிகாரி ஒருவர்கூட எனக்கு வாய்க்கவில்லை.

பிப்ரவரி முதல் தேதி தெரு முனையில் ஒரு கறுப்புப் பலகை எழுந்தது. 'இத்தெருவில் குற்றம் நிகழாத நாட்கள்' என்று வெள்ளை பெயிண்டில் எழுத்து. கீழே நம்பர் போட ஒரு கட்டம். தினமும் காலையில் பால் பூத்துக்குப் போய்விட்டு வரும்போது சாக்பீஸால் நம்பரை மாற்றுவது என் பொறுப்பு. முனைப் பிள்ளையாருக்குப் போடுகிற கும்பிடை, பாதி ஜனம் பலகைக்கும் போட்டுவிட்டுப் போனது.

நாற்பத்திரண்டாம் நாள் வர்ஷினி என்கிற பெண்ணின் சைக்கிளை வாசலிலிருந்து எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அவசரமாகச் சங்கம் கூடியது. பலகையை அழித்து மறுபடி ஒன்று என்று போடுவதா? இத்தனை நாள் பாடுபட்டது என்ன ஆவது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைத் திறந்தேன். 'மேற்படி சைக்கிளானது வாசலில் நிறுத்தப்பட்ட நிலையிலிருந்து நிறுத்தப்படாத நிலைக்கு மாறியுள்ளது' என்று எழுதிப் பெண்ணின் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் நாற்பத்து மூன்று.

அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. பக்கத்து வீட்டு பரத்வாஜின் மாருதி காரிலிருந்து ஸ்டீரியோ போனபோது, 'காரில் தற்சமயம் பாட்டு கேட்கவில்லை' என்று எழுதினேன். ஸ்ரீலக்ஷ்மி மாமியின் சங்கிலியை ஸ்கூட்டரில் வந்தவன் அறுத்தது எங்கள் தெருவுக்குள்தான். ஆனால் மாமிக்கு மூச்சு திரும்பிக் கத்தியது மூலை திரும்பின பிறகு. ஆகவே அது பக்கத்துத் தெருக் கணக்கு.

நூறாவது நாள் எங்கள் எல்லை இன்ஸ்பெக்டர் அய்யாதுரை நேரில் வந்து பலகைக்கு சல்யூட் அடித்தார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர்.

"சார், மேலிடத்துல புதுசா ஒரு கேடயம் குடுக்காங்க. முன்னூறு நாள் குத்தமே இல்லாத தெருவுக்கு. ஒங்க தெருவை மலைபோல நம்பியிருக்கேன். கைவிட்டுராதீங்க" என்றார்.

"நாங்க எங்கே ஸார் கைவிடறது? திருடறவன்னா கைவிடணும்" என்றார் வெங்கடரமணன்.

"எவன் வேணா என்னமும் எடுத்துட்டுப் போவட்டும் சார். புகார் வரக்கூடாது. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து தெருவின் மவுசே வேறு. வாடகை ஏறியது. வெங்கடரமணனின் மாடி ஃப்ளாட்டுக்குத் தேனாம்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கேட்ட விலையைப் பேசாமல் ஒப்புக்கொண்டார், 'பத்திரமான தெரு' என்கிற ஒரே காரணத்துக்காக.

எல்லாம் இப்படி ஜாம் ஜாமென்று போய்க்கொண்டிருக்கையில், இருநூற்று அறுபத்தெட்டாம் நாள் காலையில் ஷாகிரா வந்து நின்றாள்.

ஷாகிரா என் வீட்டுக்கு எதிர்த்த கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே தையல் கடை வைத்திருந்தவள். தெருவில் அவள் தைத்த ரவிக்கை போடாத பெண்பிள்ளை கிடையாது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது.

"சார், மிஷின காணோம் சார். ராத்திரி பூட்டிக்கினுதான் போனேன். காத்தால வந்து பாத்தா மிஷினும் இல்ல, பூட்டும் இல்ல."

நான் பதறிப்போய் விரல் விட்டு எண்ணினேன். அவளுக்காக அல்ல, இன்னும் முப்பத்திரண்டு நாள் பாக்கி இருந்தது. 'பாக்கலாம்மா' என்றேன்.

"பாக்கறதுக்கு இன்னா சார் கீது? அது கவர்மெண்டுல குடுத்த மிஷின். எஃப்.ஐ.ஆர். காப்பி குடுத்தா வேற மிஷின் தராங்களாம். இல்லாங்காட்டி நானே வித்துட்டேன்னு எழுதி லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்களாம். அத்த வெச்சுதான் சார் வீட்ல அடுப்பு எரியுது. ஒரே ஒரு பேப்பர் சார்."

அந்த ஒரே ஒரு பேப்பரைத்தான் நாங்கள் கட்டிக் காத்துக்கொண்டிருந்தோம். செயலாளர் என்ற முறையில் அவளை நானே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். அய்யாதுரை எங்களை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, சட்டப்படி விசாரணையைத் தொடங்கினார்.

"பூட்டியிருந்தேன்னு சொல்லுதே. பூட்டு எங்க தாயி?"

"அத்தையும் தூக்கினு பூட்டான் சார்."

"அப்போ பூட்டு இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

"சாவி கீது சார்." எடுத்துக் காட்டினாள்.

"சாவி எல்லார் வீட்லயும்தான் கெடக்கு. பூட்டு இல்லேன்னா பூட்டு உடையலை. பூட்டு உடையலேன்னா திருட்டு எங்கேயிருந்து வந்தது? சரி, எடுத்தவனைப் பாத்தியா?"

"பாத்திருந்தா வுட்டிருப்பனா சார்?"

"ஆளையே பாக்காம ஒருத்தனைத் திருடன்னு அபாண்டமா சொல்லலாமா தாயி? அவனுக்கும் குடும்பம் குட்டி இருக்கும்லா?"

ஸ்டேஷன் ரைட்டர் சின்னப்பையன், பெயர்தான் அப்படி, ரிடையர் ஆக ஒரு வருஷம்தான் பாக்கி, தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "மிஷின் இந்நேரம் மவுண்ட் ரோடு தாண்டியிருக்கும் சார். அப்பிடீன்னா கேஸு அந்த ஸ்டேஷன்ல வரும்."

"அங்க போனா இங்க போன்னு சொல்றாங்க சார். நேத்து சாயங்காலம் மிஷின் இங்கதானே இருந்துதுன்னு துரத்துறாங்க. திருட்டு மிஷினு அங்கதான் விக்கும்னாங்க, நான் பர்ஸ்ட்டு அங்கதான் போய்ட்டு வந்தேன்" என்றாள் ஷாகிரா.

அய்யாதுரை பெருமூச்சு விட்டு என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்தேன். என் வாழ்நாளில் எழுதிய குறிப்புகளிலேயே அதுதான் மாஸ்டர் பீஸ். 'மேற்கண்ட தையல் இயந்திரம், பழுது பார்க்கும் நோக்கத்துடன், பெயர் தெரியாத நலம் விரும்பி ஒருவரால் எடுத்துச் செல்லப்பட்டுள்ளது. திருப்பித் தரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்.' சின்னப்பையன் இரண்டு தடவை படித்துவிட்டு, காப்பி ஒன்று தனக்கு வேண்டும் என்றார்.

"ரிப்பேரே இல்ல சார் அதுல. போன மாசந்தான் எண்ணெ போட்டேன்" என்றாள் ஷாகிரா.

"முன்னூறு ஆகட்டும்மா. விழா முடிஞ்ச மறுநாள் முதல் வேலை உன் எஃப்.ஐ.ஆர்.தான். நான் கேரண்டி" என்றேன். அவள் சாவியைப் பைக்குள் போட்டாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள். பாவம், என்னை நம்பிவிட்டாள்.

தீபாவளிக்குத் தெருப் பெண்கள் எல்லாரும் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பாண்டி பஜாருக்குப் போனார்கள். "சமயத்துல காலை வாரிட்டாளே" என்று என் அகத்துக்காரி விஜயலக்ஷ்மி மூக்கால் அழுதாள். ஷாகிரா மாடிப்படிக்குக் கீழே அதே இடத்தில் உட்கார்ந்து, புடவைக்கு ஃபால்ஸ் கையாலேயே தைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள். நான் சாக்பீஸைப் பையில் தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு போய்விடுவேன்.

முன்னூறாவது நாள் சாயங்காலம் விழா. தெருவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சபா ஹாலுக்குப் போய்விட்டது. ஒரு வீட்டில்கூட ஆள் இல்லை. என்னத்துக்கு இருக்க வேண்டும், குற்றமில்லாத தெருவில்? விஜயலக்ஷ்மி கடவுள் வாழ்த்து பாடினாள். பெரிய அதிகாரி ஒருவர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு, எங்கள் பகுதி மக்களின் ஒழுக்கத்தைப் பாராட்டி முக்கால் மணி நேரம் பேசினார். வெங்கடரமணன் ஏற்புரையில் அந்த வெள்ளைக்கார ஊரை ஏழு தடவை இழுத்தார். அய்யாதுரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எட்டு மணிக்குத் திரும்பினோம். கேடயத்தை அன்றைக்கு மட்டும் என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போன விஜயலக்ஷ்மி கூவினாள்.

"ஏன்னா! டிவியைக் காணோமே! கிரைண்டரையும் காணோம்! அய்யோ, பீரோ திறந்து கிடக்கே!"

நான் தலைதெறிக்க வெளியே ஓடிவந்தேன். பரத்வாஜ் வாசலில் பேயறைந்த மாதிரி நின்றான். எதிர்ச் சாரியில் இரண்டு வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. வெங்கடரமணன் படியில் உட்கார்ந்திருந்தார், பிள்ளை அனுப்பிய வி.சி.ஆர். போய்விட்டது. அவ்வளவு பேர் கூடியிருந்தும் 'திருடன்' என்கிற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை.

ஷாகிரா மட்டும் இருந்த இடத்திலேயே தைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் பாய்ந்தேன்.

"நீ இங்கேதானே உக்காந்திருந்தே? யாராவது வந்தாளா?"

"வந்தாங்க சார். ரெண்டு பேரு, டெம்போ எடுத்தாந்தாங்க. அஞ்சு வீடு."

"பார்த்துண்டா இருந்தே? கத்தப்படாதோ?"

"கேட்டேன் சார். இன்னாத்துக்கு நைனா எடுத்துக்கினு போறீங்கன்னு. ரிப்பேருக்குன்னாங்க. சரி, நலம் விரும்பிங்க போல கீதுன்னு வுட்டுட்டேன். உங்க கிரைண்டரு கனமா இருந்துச்சு, வாசக் கேட்டைத் தொறந்து புடிக்கச் சொன்னாங்க, புடிச்சேன்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, அளவு எழுதுகிற நோட்டை எடுத்தாள்.

"வண்டி நம்பரு எழுதி வெச்சுக்கீறேன் சார். ஆளுங்க மூஞ்சியும் நல்லா தெரியும். எந்தக் கோர்ட்டுல வேணா வந்து சொல்றேன். இப்பவே போனா உங்க ஜாமான் அத்தினியும் கெடச்சுரும். ஒண்ணே ஒண்ணு. பர்ஸ்ட்டு என் மிஷினு திருடு போச்சுன்னு எழுதணும். அப்பால உங்க டிவி. நீங்களே எழுதுங்க சார், உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமே."

ஒரு மாதமாக இந்தப் பேப்பருக்காகத்தான் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். சட்டைப் பையில் பேனா இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கை அது வரைக்கும் போனது.

வெங்கடரமணன் எழுந்து வந்து என் காதில் சொன்னார்: "ஓய், வெள்ளிக்கிழமை ஃப்ளாட் ரெஜிஸ்ட்ரேஷன். ஜவுளிக்கடைக்காரர் காதுல விழுந்தா தொலைஞ்சேன்." பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்க, "எங்காத்து வி.சி.ஆர். சர்வீஸுக்குன்னா போயிருக்கு!" என்றார்.

"ஆமாம், எங்களுதும்" என்றான் பரத்வாஜ். எதிர் வீட்டுக்காரர்கள் ஏற்கனவே விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விஜயலக்ஷ்மி கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அதை வைக்க வீட்டில் இப்போது டிவி ஸ்டாண்டு காலியாகத்தான் இருந்தது.

"அது... பழைய டிவிதாம்மா" என்றேன்.

ஷாகிரா நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்து, நூல் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி சார். அடுத்த வாட்டி வந்தாங்கன்னா, கீறல் வுழாம தூக்கச் சொல்றேன்."

பழக்க தோஷம், நான் தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டேன்.