சம்பந்தி முன் புள்ளி பாய் திருப்பிய ஆன்டெனா

தொலைக்காட்சியில் படம் தெரிந்தால் வருந்துகிற பழுதுபார்ப்பவர் இவ்வுலகில் ஒருவரே இருந்தார். அவரும் எங்கள் செஞ்சிப் பேருந்து நிலையத்தருகே கடை வைத்திருந்தார். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மொய்த்தால் பிறர் முகம் சுளிப்பர். அவர் முகமோ மலரும். ஆதலால் புள்ளி பாய் எனப் பெயர் பெற்றார்.

இதில் எனக்கும் பங்குண்டு. என் மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்த பழைய ஆங்கில அறிவியல் இதழ்களை அவரே அள்ளிச் சென்றார். அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். இரைச்சலில் வானத்தின் குரலும் கலந்திருப்பதாக அவற்றில் கண்டார். அன்றிலிருந்து ஊருக்கு நிம்மதி போயிற்று. ஒருமுறை மாவு மில்லுக்குள் புகுந்து, "அஞ்சே நிமிசம் மிஷின நிறுத்துங்க, வானம் கேக்க மாட்டேங்குது" என்றார். வல்லத்து விவசாயி ஒருவர், "ரேடியோல இரைச்சல் போவலியே பாய்" என்று குறைப்பட்டபோது, "அத ஏன்யா தொரத்துற? ஒன்னவிட மூத்தது" என்று கடிந்துகொண்டார்.

எண்பதுகளின் நடுவில் நான் தொலைக்காட்சி வாங்கினேன். மகள் மலர்க்கொடியின் திருமணப் பேச்சு அப்போது இழுபறியில் இருந்தது. கடைசி வார்த்தை சொல்ல வேண்டியவர், மணமகனின் தாயார். அவரை அவலூர்பேட்டையிலிருந்து ஞாயிறு மாலைத் திரைப்படத்துக்கு அழைத்திருந்தேன். நண்பகலில் படம் மங்கவே, வேறு வழியின்றிப் புள்ளி பாயை வரவழைத்தேன். இரண்டே நிமிடத்தில் சரிசெய்தார். அத்துடன் அவரை அனுப்பியிருக்க வேண்டும்.

மாலையில் வீடு நிறைந்தது. சீர் பற்றி என் மைத்துனர் ஒரு பக்கம், மண்டபம் பற்றி அவர்கள் பக்கத்து மாமா மறுபக்கம் முழங்கினர். படத்தில் கதாநாயகி வாய் திறந்தாள். உடனே திரையெங்கும் புள்ளிகள்.

நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். பாய் ஆன்டெனாக் குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பாய்! இன்னா பண்றீங்க?"

"மெட்ராஸ் ஸ்டேசன் குறுக்க நிக்குது மொதலாளி. இவ்ளோ ஒசரமான ஆன்டெனா எனக்கு எப்ப கெடைக்கும்? அஞ்சு நிமிசம்!"

சொல்லிவிட்டுக் கீழே ஓடித் திரைமுன் அமர்ந்தார். சம்பந்தியம்மாள் கேட்டார்: "இன்னாய்யா இது, எறும்பு மொய்க்குது?"

"அம்மா, ஒலகம் பொறந்தப்ப இருந்த சூடு ஆறிப்போயி, இன்னும் வந்துக்கினே இருக்குது. இந்தப் புள்ளிங்கள்ல இத்துணூண்டு அது."

"மிச்சம்?"

"மிச்சமெல்லாம் குறுக்க கத்துறவங்க. இந்தச் செட்டே கத்துது. மில்லு மோட்டார் கத்துது. அதுக்கும் மேல ரேடியோ கேலக்ஸினு எங்கியோ தூரத்துல நட்சத்திரக் கூட்டங்க. ரேடியோ ஸ்டேசனாட்டம் கத்துதுங்க. பெரிய பெரிய ஆன்டெனா வெச்சிப் பாக்குறவங்களுக்கு அதுங்க ஒவ்வொண்ணும் வானத்துல ஒரு புள்ளி. அதையெல்லாம் ஒண்ணொண்ணா கண்டுபுடிச்சி கழிச்சாத்தான், பழைய சூடு எங்க ஜாஸ்தி, எங்க கொறைச்சல்னு சுத்தமா தெரியும்."

அம்மாள் திரையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினார். பிறகு, "நம்ம கல்யாணப் பேச்சு மாதிரினு சொல்லு. ஆளாளுக்குக் குறுக்க கத்துறீங்க. பொண்ணு இன்னா சொல்லுதுனு எவனுக்காச்சும் கேட்டுச்சா?" என்றார். "எல்லாரும் வாய மூடுங்க. நீ சொல்லும்மா."

இரைச்சல் மட்டும் கேட்டது. கதவோரம் நின்ற மலர்க்கொடி நிமிர்ந்தாள்.

"மொதல்ல படத்த வெக்கச் சொல்லுங்க, அத்தே."

அத்தை! நாங்கள் மூன்று மாதமாகப் பேசி முடிக்காததை அவள் ஒரே விளிப்பில் முடித்துவிட்டாள். வீடு குலுங்கச் சிரித்தது. பாய் ஒருவர்தாம் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குதே மொதலாளி" என்றார்.

இன்று பாய் இல்லை. இருப்பினும் வானொலியைத் திருகும்போது இரண்டு நிலையங்களுக்கு நடுவே சற்று நிறுத்துகிறேன். குறுக்கே நிற்பவற்றையெல்லாம் கழித்துவிட்டுத்தான் அந்தப் பழைய சூட்டைக் கேட்க வேண்டுமாம். மற்ற எதை வேண்டுமானாலும் கழித்துவிடுவேன். பாயைக் கழிக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.