கட்டில் தெரியக் கூடாது

"கட்டில் தெரியக் கூடாதாம்" என்றார் ஆர்டன் ஹால்வர்சன், ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தைக் கணினியில் மூன்றாம் முறையாகப் படித்துவிட்டு.

"யாருக்கு?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி மார்லிஸ் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. தூங்க விட்டால்தானே.

"கேமராவுக்கு. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு எங்க மேலாளர் கெயில் வீடியோவில பார்ப்பாங்களாம். ஒழுங்கான மேஜை, நாற்காலி, வேலைக்குன்னு தனி இடம் இருக்கணும். கட்டில் தெரிஞ்சா திங்கக்கிழமையிலேருந்து ஆபீஸுக்கே வந்துடணுமாம்."

மார்லிஸ் ஒரு கண்ணைத் திறந்தார். "அடடா, பாவம்" என்றார்.

ஆபீஸ் நாற்பது மைல் தள்ளி டுலூத்தில் இருந்தது. பிப்ரவரிப் பனியில் நாற்பது மைல் ஓட்டுவதற்கு ஆர்டன் தயாராக இல்லை. மூன்று வருடமாகப் படுக்கையறையிலேயே உட்கார்ந்து, ஆலங்கட்டி மழையில் சோளத்தைப் பறிகொடுத்த விவசாயிகளுக்குக் காப்பீட்டு விதிகளைப் போனில் விளக்குவதுதான் அவர் உத்தியோகம். காது மந்தமான விவசாயிகளையே கம்பெனி தேடிப் பிடித்து அவருக்குக் கொடுத்திருந்ததால், எல்லாவற்றையும் கத்தித்தான் விளக்குவார்.

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பிப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஒன்பதுக்குத் திரும்புவார். மறுபடி இரண்டு மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும். நடுவில் கிடைக்கும் தூக்கம் இல்லாமல் அறுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனியில் வண்டி ஓட்ட அவருக்குப் பயமாக இருந்தது. அந்தத் தூக்கத்தில்தான் மூன்று வருடமாக ஆலங்கட்டி பெய்துகொண்டிருந்தது.

இது ஒரு பிரச்சினை என்று ஆர்டனுக்குத் தோன்றியதே இல்லை, மார்லிஸ் சொன்னதில்லை என்பதால். எங்கள் வட மினசோட்டாவில் வீடு பற்றி எரிந்தாலும், "கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கே" என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

"கெயில் உன்கூடப் படிச்சவங்கதானே?" என்றார் ஆர்டன். "என்னைப் பத்தி அவங்ககிட்ட பேசினியா?"

"பேசினேன்."

"என்ன சொன்னாங்க?"

"தன்னால ஆனதைப் பண்றேன்னு சொன்னாங்க."

ஆர்டனுக்குத் தெம்பு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மேஜை வந்து இறங்கியது, அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வளைந்து போகும் மேஜை. வாங்குவதற்கு முன் அவர் அறையை ஒழுங்காக அளந்திருந்தார். கட்டிலை அளக்க மறந்துவிட்டார். ஒரு பக்கம் மேஜை, இரண்டு பக்கம் சுவர் என்றாகிவிட, மார்லிஸ் இனிமேல் கால்மாட்டிலிருந்து தவழ்ந்துதான் தலையணைக்குப் போக வேண்டும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் ஆர்டன்.

மார்லிஸ் வெகு நேரம் பார்த்தார். "வித்தியாசமா இருக்கு."

இதைவிடக் கடுமையாக எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் திட்டிவிட முடியாது. ஆர்டன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். இருந்தும் "தேங்க்ஸ்" என்றார்.

புதன்கிழமை கேமராவைப் போட்டுப் பார்த்தார். பின்னணியில் கட்டில் தெரிந்தது; கட்டிலின் மேல் கம்பளிக் காலுறை போட்ட இரண்டு பாதங்களும் தெரிந்தன. உடனே கடைக்கு ஓடி ஒரு மடக்குத் தட்டி வாங்கி வந்து நடுவில் நிறுத்தினார். ஹீட்டர் காற்றில் அது பதினோரு மணிக்குச் சாய்ந்து மார்லிஸ் மேல் விழுந்தது. ஆர்டன் அப்போது போனில் இருந்தார்.

"என்னங்க சத்தம்?" என்று கேட்டார் விவசாயி.

"ஒண்ணுமில்ல, என் மனைவி."

"அடி பட்டுடுச்சா?"

"இன்னும் பார்க்கல. உங்க சோளம் எத்தனை ஏக்கர்னு சொன்னீங்க?"

வியாழக்கிழமை கட்டிலையே வெளியேற்றுவது என்று முடிவாயிற்று. மேஜையைக் கீழே நிலவறைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே ஆர்டனின் மீன்பிடிச் சாமான்கள் இருந்தன. அவற்றைத் தொந்தரவு செய்ய அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே கட்டில் கீழே போயிற்று, பாதி வழி வரைக்கும். படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொண்ட பிறகு அது மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. துவைக்கும் இயந்திரமும் குளிர்பெட்டியில் இருந்த மான் இறைச்சியும் அதற்கு அந்தப் பக்கம்.

மெத்தையைக் கூடத்துத் தரையில், வாசற்கதவை ஒட்டிப் போட்டார்கள். மார்லிஸ் கண்ணயரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பார்சல் வந்தது. விளக்கு வந்தது, கால் வைக்கும் பலகை வந்தது, முதுகுக்கு இதமான நாற்காலி அவர் தலைக்கு மேலாகவே உள்ளே போனது. அறைக்குக் கொஞ்சம் களை வேண்டும் என்று ஆர்டன் மார்லிஸின் செடித் தொட்டியையும் எடுத்துப்போனார். அன்று மார்லிஸுக்கு அழுகை வந்தது. அதையும் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதார்.

"அங்க தூக்கம் வருதா?" என்று கேட்டார் ஆர்டன்.

"மோசமில்ல. ஆபீஸ்ல நாற்காலியெல்லாம் நல்லா இருக்கும் இல்ல?"

"இதுக்குப் பக்கத்துல வர முடியாது. உட்கார்ந்து பாரேன்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மார்லிஸ் பேருந்தை விட்டு வந்தார். தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏரி ஐஸ் மேல நிறுத்தி வச்சிருக்கியே, உன் மீன்பிடிக் குடிசை, அதுல ஒரு பலகையும் அடுப்பும் இருக்குல்ல? அங்க போய்ப் படுத்துக்கறேன்."

"நல்லதாப் போச்சு. அப்படியே ஐஸ்ல ஓட்டை போட்டு ஒரு தூண்டிலும் இறக்கி வை."

மார்லிஸ் உறைந்த ஏரியை நோக்கிக் காரை ஓட்டிக்கொண்டு போனார்.

பத்து மணிக்கு ஆர்டன் மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே பைஜாமாவுமாக உட்கார்ந்தார். திரையில் அவருடைய மேலாளர் கெயில் தோன்றினார். அறையைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது.

"கட்டில் எங்க, ஆர்டன்?"

"நிலவறைப் படிக்கட்டுல."

"மார்லிஸ்?"

"ஏரியில."

கெயில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, மேஜையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கேமராவை நாலு பக்கமும் திருப்பச் சொல்லிக் குற்றம் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"விதிப்படி எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில். "நீங்க வீட்டிலேயே இருந்து வேலை பார்க்கலாம். ரிட்டயர் ஆகற வரைக்கும்."

ஆர்டன் புது நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். மூன்று நாள் பட்ட பாடு வீண்போகவில்லை. "மத்தவங்க எல்லாம் எப்படி, தேறிட்டாங்களா?" என்று பெருந்தன்மையாக விசாரித்தார்.

"மத்தவங்களா? அந்தக் கடிதத்தை உங்க ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன்" என்றார் கெயில். "என்னால ஆனதைப் பண்ணிப் பார்த்துட்டேன்னு மார்லிஸ்கிட்ட சொல்லிடுங்க."