கழிமுனைப் பேரூராட்சியின் வாய்

உள்ளாட்சி மன்றம் ஒன்று முறையாகக் கூடித் தீர்மானம் நிறைவேற்றித் தன் உடைமையாக ஏற்றுக்கொண்ட மனித வாய், நான் அறிந்தவரை, உலகில் ஒன்றே ஒன்றுதான். அவ்வாய்க்கு உரியவரைக் கழிமுனையில் அனைவரும் 'சங்கு' என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்றும் அவருக்கு இருந்திருக்கும். அவருடைய பணிப்பதிவேட்டை எழுதிய நானே அதை மறந்துவிட்டேன் என்றால், ஊராரைக் குறை சொல்வதற்கில்லை.

கழிமுனைப் பேரூராட்சியை இன்று தேடினால் கிடைக்காது. முத்துப்பேட்டைக்கு அப்பால், அலையாத்திக் காட்டின் ஓரத்தில், காவிரியின் கடைசி வாய்க்கால் கடலில் சேர மனமின்றித் தேங்கி நிற்கும் இடத்தில் அது இருந்தது. தோணித்துறை செழித்த காலத்தில் அவ்வூருக்குப் பேரூராட்சி என்னும் தகுதி வந்தது. துறை தூர்ந்தது, தோணிகள் வேறு ஊர் தேடிப் போயின, தகுதி மட்டும் போக மறந்து தங்கிவிட்டது. புலவர் வகுப்பில் தேறியும் ஆசிரியப் பணி வாய்க்காத நான், எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே எழுத்தராகச் சென்று சேர்ந்தேன். மன்றத்துக்கென்று சொல்லிக்கொள்ளத்தக்க பொருள்கள் இரண்டே: உயரமான குடிநீர்த் தொட்டி; அதன் உச்சியில் ஒரு மின்சங்கு.

அச்சங்கை முடுக்குவதே நம்மவரின் வேலை. பொத்தானை அழுத்தும் வேலைதானே என்று எண்ணிவிடக் கூடாது. பகல் சங்குக்கு முன்பே அவர் குளித்து, நீறணிந்து, சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, தொட்டியின் ஏணியில் ஏறுவார். பொத்தான் கீழே அலுவலக அறையில் இருந்ததால், கீழே நின்று அதை அழுத்த வேண்டியவன் நான். "ஏன் அண்ணே, நீங்களே இங்கே நின்று அழுத்தினால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நல்லாருக்கு சார் நீங்க கேக்குறது! ஊதுறவன் ஊதுற எடத்துல இல்லாட்டி ஜனங்க என்ன நெனைக்கும்?"

சங்கு ஊதி முடிந்த பின்னும் அவர் உடனே இறங்க மாட்டார். சுற்றிலும் உள்ள வயல்களில் கடைசி ஆள் கரையேறும்வரை பார்த்திருந்து, அதன்பிறகே இறங்கித் தம் சோற்றுத் தூக்கைத் திறப்பார். அதற்குள் சோறு ஆறி, எங்கள் ஏப்பமும் அடங்கியிருக்கும்.

வயல் ஆட்கள் கரையேறுவதற்கும் சங்குக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் கீழத்தஞ்சை கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஊர்தோறும் கொடிகள், வரப்புதோறும் வழக்குகள். கழிமுனையில் பெரும்பகுதி நிலத்துக்கு உரியவர் மேலப்பண்ணை. அவருடைய கைக்கடிகாரம் விந்தையானது. காலையில் விரைந்தும் பகலில் தளர்ந்தும் ஓடும். அதைப் பார்த்து அவர் "ஏறலாம்" என்று சொல்லும்வரை எவரும் கரையேற முடியாது. கரையோரப் பூவரச மரங்களில் கட்டிய தூளிகளில் பிள்ளைகள் பாலுக்கு அழுவதைக் கேட்டுக்கொண்டே தாய்மார் குனிந்திருப்பார்கள். பெரும் போராட்டத்துக்குப் பிறகு, வட்டாட்சியர் முன்னிலையில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: பேரூராட்சிச் சங்கு ஊதியதும் ஆட்கள் கரையேறி உண்டு இளைப்பாறலாம். கழிமுனை உழைப்பாளிகள் அடிபட்டும் சிறைபட்டும் பெற்ற வெற்றி, அந்தத் தொட்டியின் உச்சியில் இருந்தது.

வெற்றி கிடைத்த மறு வாரமே மின்சாரம் நின்றது.

நடவுக் காலம். வானம் மூடியிருந்தது, பொழுதே தெரியவில்லை. பொத்தானை அழுத்தி அழுத்தி என் விரல் நொந்தது. மேலே ஓசை இல்லை. வயலில், "கரண்டு வந்தாத்தான் சங்கு, சங்கு ஊதுனாத்தான் சோறு. ஒப்பந்தம் அப்படித்தான் இருக்கு. குனிங்க, குனிங்க!" என்று மேலப்பண்ணை சட்டம் பேசிக்கொண்டிருந்தாராம்.

அப்போதுதான் அது எழுந்தது. முதலில், பசித்த யானை கிணற்றுக்குள்ளிருந்து முனகுவதைப் போல. பிறகு மெல்ல ஏறி, உச்சியில் நின்று, நடுங்கி, மின்சங்கு இறங்குவதைப் போலவே விக்கி விக்கி இறங்கியது. அலையாத்திக் காட்டுக் கொக்குகள் அத்தனையும் எழுந்து பறந்தன. மின்சாரம் வந்துவிட்டதென்று நினைத்து நான் மின்விளக்கைப் போட்டேன், எரியவில்லை. வெளியே ஓடிப் பார்த்தால், தொட்டியின் உச்சியில் இரு கைகளையும் வாயருகே குவித்தபடி சங்கு நின்றுகொண்டிருந்தார். வயலில் அத்தனை பேரும் கரையேறிவிட்டனர்.

மேலப்பண்ணை மன்றத்துக்கு முறையீடு கொடுத்தார். உடன்பாட்டில் உள்ளது சங்கு. மனிதன் வாய் சங்காகாது. வாதம் வலுவானதுதான். சிறப்புக் கூட்டம் கூடுவதற்குச் சில மாதங்கள் ஆயின; அதுவரை மின்சாரம் நின்றபோதெல்லாம் சங்கின் வாயே ஊதியது. தலைவராக இருந்தவர் மளிகைக்கடை மரைக்காயர். வண்டி மாட்டுக்கு லாடம் கழன்றுவிட்டதால், அன்று உழவு மாடுகளைப் பூட்டிக்கொண்டு வந்திறங்கினார் மேலப்பண்ணை. சன்னல்களில் வயல் ஆட்களின் தலைகள்.

"தலைவரே, நாளைக்கு ஒருத்தன் வயித்தத் தட்டி 'இதுதான் தமுக்கு'ம்பான். ஒத்துக்குவீங்களா?" என்றார் மேலப்பண்ணை.

மரைக்காயர் தாடியைத் தடவினார். "நோம்பு மாசத்துல கரண்டு போயிட்டா எங்க பள்ளிவாச மைக்கும் சேந்து போயிடுது. அன்னைக்கு இவரு தொண்டைய நம்பித்தான் தெருவே நோம்பு தொறந்திச்சு. அல்லாவே ஏத்துக்கிட்ட சத்தத்த நீங்க ஏத்துக்க மாட்டேங்குறீங்களே, பண்ணையாரே!"

"அது ஒங்க வழக்கம் மரைக்காரே. ஒப்பந்தத்துல வாயின்னு இருக்கா?"

"சரி, ஒரு தடவ ஊதிக் காட்டச் சொல்லுவோம்."

சங்கு எழுந்தார், சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார், ஊதினார். மேசைமேல் இருந்த தேநீர்க் குவளை தானே நகர்ந்ததை என் கண்ணால் கண்டேன். ஓசை அடங்கியபோது வெளியே ஒரு கலவரம். மேலப்பண்ணையின் மாடுகள் இரண்டும், உழவின் நடுவே சங்கு கேட்டால் நுகத்தடியைக் கழற்றிவிடுவார்கள் என்று பழகியவை. இப்போதும் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு, கழற்றிவிடும் கைக்காகக் காத்து நின்றன. வண்டி குடைசாயும் நிலை. சன்னல் ஒன்றிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. நடவுப் பெண்களின் தலைவி அவள். அப்போது அவளுக்குக் கைக்குழந்தை.

"பாருங்கய்யா! ஒங்க மாடே ஒத்துக்கிட்டுது!"

"மாட்டுக்கு என்னடி தெரியும்?"

"மாட்ட விடுங்க. இவரு ஊதுனதும் எனக்கு மாரு சொரக்குதே, அதுக்குத் தெரியுமாங்கய்யா அது மிசினா, மனுசனான்னு?"

மரைக்காயர் என்னை நோக்கி, "புலவரே, எழுதுங்க" என்றார். எழுதினேன்: 'மின்சாரம் இல்லாத வேளைகளில் அன்னாரது வாயே இப்பேரூராட்சியின் சங்கு எனக் கொள்ளப்படும்.' என் வாழ்நாளில் எழுதிய சொற்றொடர்களுள் ஒரு திருத்தமும் வேண்டாத சொற்றொடர் அது ஒன்றே என்று இன்றும் கருதுகிறேன்.

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. தம் வாய் பொதுச்சொத்து என்பதை அவர் எங்களைவிட மிகுதியாக நம்பினார். ஊறுகாயை விட்டார், பனிக்கட்டிச் சர்பத்தைக் கண்டால் தெருவின் மறுபக்கம் நடந்தார். ஒருநாள் அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"சார், நீங்க என்னத்த எழுதிக் குடுத்தீங்களோ தெரியல. வூட்டுல வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. பேசுனா தேஞ்சிடுமாம். சண்ட போட்டாக்கூட சைகையிலதான் சண்ட போடுறாரு. நான் மட்டும் கத்துனா, பாக்குறவங்க என்னையத்தானே பேய்ம்பாங்க?"

மின்சாதனப் பராமரிப்புச் செலவில் தமக்கு மிளகும் பனங்கற்கண்டும் வழங்க வேண்டும் என்று சங்கு விண்ணப்பித்தார். "மிசினுக்கு எண்ண போடுறீங்கல்ல சார்?" என்பது அவருடைய வாதம். இருமல் கண்டால் அலுவலகம் வந்து, "சங்கு பழுது. போர்டுல எழுதிப் போட்டுடுங்க" என்று காதோடு சொல்வார். கழகம் இரண்டாகப் பிரிந்த காலத்தில், ஊர்வலத்தில் முழக்கமிட இரு தரப்பினரும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றனர். இரு தரப்புக்கும் ஒரே விடை: "பேரூராட்சிச் சாமான கட்சிக்கு எரவல் குடுக்குறதில்லீங்க."

பின்னர் ஆணை வந்தது. வருவாய் போதாத கழிமுனைப் பேரூராட்சி கலைக்கப்படுகிறது. அதன் பகுதிகள் மேற்கே உள்ள பெரிய பேரூராட்சியுடன் இணைக்கப்படுகின்றன. மரைக்காயர் கடைக்குத் திரும்பினார். பொருள்களைப் பொறுப்பேற்க அங்கிருந்து ஓர் அலுவலர் சுமையுந்துடன் வந்தார்.

"சங்கு ஒண்ணு..." என்று அவர் தொடங்கினார்.

"ரெண்டு சார்" என்றார் நம்மவர்.

"ரெண்டா? இன்னொன்னு எங்க?"

"ஒங்க முன்னாடி நிக்கிறேன்."

நான் தீர்மானத்தை எடுத்துக் காட்டினேன். அலுவலர் அதை இருமுறை படித்தார்; எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க ஊர்ல ஏற்கெனவே ஒரு சங்கு இருக்குதுப்பா. இந்த மிசின உதிரிபாகத்துக்கு எடுத்துக்கிறோம். ஒன்னைய மோட்டார் ரூம்ல வாட்ச்மேனாப் போடுறோம்." மின்சங்கு உந்தில் ஏறியது. என்னையும் அவ்வூர் அலுவலகத்துக்கே மாற்றினார்கள்.

மேலப்பண்ணை காத்திருந்தது இதற்குத்தான். தை பிறந்தது, சம்பா அறுவடை தொடங்கியது. "பேரூராட்சி போச்சு, சங்கு போச்சு, ஒப்பந்தமும் போச்சு. இனிமே நான் சொல்றப்பதான் ஏறணும்" என்றார். முதல் நாள் பகலில் அவர் இதைச் சொல்லி வாய் மூடவில்லை. வெறுமையாய் நின்ற தொட்டியின் உச்சியிலிருந்து அந்த யானை முனகியது.

புதிய ஊரில் நம்மவருக்கு உண்பதற்கென்று பகலில் இடைவேளை உண்டு. அதில் உண்ணாமல் நேரத்தைச் சேமித்து, வாடைக்காற்றை எதிர்த்து மிதிவண்டியை மிதித்து, கழிமுனைக்கு வந்து ஊதிவிட்டு, கடைசி ஆள் கரையேறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நாள்தோறும் இதே வேலை. எவரும் ஏவவில்லை, எந்த மன்றத்தின் தீர்மானமும் இப்போது அவருக்குத் துணையில்லை. முன்பெல்லாம் மின்சாரம் நின்ற நாள்களில் மட்டும் உழைத்த தொண்டை அது. இப்போது ஓய்வே இல்லை. மேலப்பண்ணையும் அதை அறிவார். "எத்தன நாளைக்குத்தான் கத்துவான்னு பாப்போம்" என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுவடை உச்சத்தில் இருந்த ஒருநாள் சங்கு என் மேசைமுன் வந்து நின்றார். வாயைத் திறந்தார்; காற்று மட்டும் வந்தது. தொண்டையைச் சுட்டிக் கையை விரித்தார். பிறகு என்னைச் சுட்டினார். கைகளை வாயருகே குவித்துக் காட்டினார்.

"நானா?"

மிதிவண்டியின் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டு, தம் சோற்றுத் தூக்கை என் மடியில் வைத்துவிட்டு, அவர் மிதித்தார். தொட்டியின்மேல் ஏறினோம். கீழே பொன்னிறமாய்ச் சம்பா வயல்கள். நடுவே குனிந்த முதுகுகள். வரப்பில் குடைபிடித்த மேலப்பண்ணை. நான் தொண்டையைச் செருமினேன். செய்யுளை இசையோடு படித்துப் பரிசு பெற்றவன் நான். அந்த நம்பிக்கையில் ஊதினேன். தொட்டியின் விளிம்பில் இருந்த காகம் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பறக்கவில்லை. இரண்டாம் முறை ஊதினேன். சங்கு தம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வயலில் நடந்ததைப் பாக்கியம் பின்னர் சொன்னாள். பெண்கள் தொட்டியை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்களாம். மேலப்பண்ணை சிரித்தாராம். "என்ன, ஒங்க சங்கு ஊமையாயிட்டானா? குனிங்க, குனிங்க!"

பாக்கியம் நிமிர்ந்தாள். இதை நான் மேலிருந்தே கண்டேன். அரிவாளை அறுத்துப் போட்ட அரிமேல் வைத்தாள். இரு கைகளையும் வாயருகே குவித்தாள். எழுந்த ஓசை நன்றாக இல்லை, நடுவில் உடைந்தது, சிரிப்பும் கலந்திருந்தது. பக்கத்தில் ஒருத்தி சேர்ந்தாள், அதற்கடுத்து இன்னொருத்தி. பிறகு கட்டுச் சுமந்தவர்கள், அடுத்த வயலில் அறுத்தவர்கள், அதற்கும் அப்பால் வேறு பண்ணையின் ஆட்கள். கடல் வரையில் நெல்வெளி முழுவதும் ஊதியது. கொக்குகள் எழுந்தன. களத்தில் போரடித்துக்கொண்டிருந்த மேலப்பண்ணையின் மாடுகள் நின்று, கழுத்தைத் தாழ்த்தின. அவர் மாடுகளைப் பார்த்தார், குடையை மடக்கினார். ஆட்கள் கரையேறினார்கள். தூளிகளை நோக்கித் தாய்மார் ஓடுவது தெரிந்தது. அன்று முதல் அவ்வூரில் சங்கு வயலிலிருந்தே ஊதியது. அதை இறக்கிக்கொண்டு போக எந்த உந்தும் வரவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் ஊதியவர், அந்த ஓசையைத் தொலைவிலிருந்து கேட்டது அன்றுதான் முதல்முறை. முகத்தை மூடிய துண்டை எடுத்தார். கண்கள் கலங்கியிருந்தன. கடைசி ஆள் கரையேறும்வரை பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, மூச்சுக்காற்றால் சொன்னார்:

"சுதி ஏத்துறப்ப செத்த முந்திட்டாளுவோ."

பிறகு சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார், தொட்டி விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தார், தூக்கைத் திறந்தார். ஊருக்கெல்லாம் சோற்று வேளை சொன்னவர், பிறர் ஊதிய சங்குக்குச் சோறுண்ண அமர்ந்தார். நான் இறங்கிப் போய், அவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தேன். சோறு இன்னும் சூடாக இருந்தது.