கன்னியாவில் பறிபோன தெர்மாமீற்றர்

திருகோணமலையில் சூடாக இருந்த எதுவும் தெர்மாமீற்றர் மாஸ்டரிடமிருந்து தப்பியதில்லை. எங்கள் விஞ்ஞான ஆசிரியரான அவர், துறைமுக வாசல் தேநீர்க்கடையில் கோப்பைக்குள் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். ஆறியிருந்தால் திருப்பி அனுப்புவார். அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர் அடுப்பை ஊதத் தொடங்கிவிடுவார்.

தாயின் ஈமக் கருமத்துக்காக இராவணன் வாளால் குத்திய ஏழு இடங்களே பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று ஊரே நம்பியிருந்தது. பூமியின் வயிற்றுச் சூடுதான் காரணம் என்று வகுப்பில் சொன்ன மாஸ்டர், சொன்னதோடு நிற்காமல் அளக்கவும் போனார். சுருட்டுக்கடை முதலாளி தன் தகப்பனாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்காகத் தலையில் வார்க்கவென்று முதல் வாளியை அள்ளிய நேரம் அது. மாஸ்டர் அந்த வாளிக்குள் குழாயை விட்டார். முதலாளி அதைப் பறித்துக்கொண்டு நேரே பொலிசுக்குப் போனார்.

சடங்கைக் குழப்பியதாக வழக்கு. குற்றவாளி என்றானால் மாஸ்டரின் வேலை போய்விடும். அவரோ தனக்காக வாதாட அப்புக்காத்து வைக்காமல், தானே பேசுவதாகச் சொல்லிக் கூண்டில் ஏறினார். மன்னிப்புக் கேட்டு, வாள் கதையையும் ஒப்புக்கொண்டால் வழக்கை விட்டுவிடலாம் என்றார் முதலாளியின் அப்புக்காத்து.

"சடங்குக்கு நடுவில போனது பிழை. அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். வாள் கதையை ஒப்புக்கொள்ள ஏலாது, ஐயா," என்றார் மாஸ்டர்.

"அப்ப, இராவணன் கதை முழுக்கப் பொய்யெண்டுறியளோ?" என்று கேட்டார் அப்புக்காத்து.

"தாய்க்காக அழுதவன் எண்டதை நான் மறுக்கேல்ல. தண்ணி சுடுறது அதால இல்லை."

நன்றாக யோசித்துச் சொல்லும்படி நீதவான் கேட்டார். மாஸ்டர் யோசித்துவிட்டு அதையே திருப்பிச் சொன்னார். பின்வாங்கில் இருந்த நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். அப்போது சாட்சியாக நின்ற முதலாளி, தாடையைத் தடவிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அண்டைக்குத் தண்ணியில எத்தினை பாகை சூடு இருந்தது, மாஸ்டர்?"

"பாக்க முதல் நீங்கள் பறிச்சுப்போட்டியளே."

நீதவானே சிரித்துவிட்டார். மன்னிப்பு மட்டும் போதும் என்று முதலாளி வழக்கை விட்டுக்கொடுத்தார். பறித்த குழாயை மட்டும் கொடுக்கவில்லை. மாஸ்டர் வேறொன்று வாங்கிக்கொண்டு பழையபடி தேநீர்க்கடைக்குப் போனார்.

பல வருடங்களுக்குப் பிறகு, மாஸ்டரின் அந்தியேட்டியும் அதே கன்னியாவில்தான் நடந்தது. முதல் வாளியை அள்ளியதும், கிழவராகிவிட்ட முதலாளி மடியிலிருந்து அந்தப் பழைய குழாயை எடுத்து உள்ளே விட்டார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பொறுமையாக நின்றார். முதலாளி பாகையை உரக்க வாசித்தார். அதை எழுதிக்கொள்ள எங்கள் மாஸ்டர் அங்கே இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.