எருமை நகரத்துத் துப்பாக்கிக்கு ஒரு நற்சான்று

எனக்கு மூன்று மொழி தெரியும் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், கடைக்கு வரும் சரக்குப் பட்டியலைப் படிக்குமளவு ஆங்கிலம். யாங்கோனின் பபேடான் பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். (வருவார்கள் என்ன, நானே கூப்பிட்டு எழுதிக் கொடுப்பேன்.) அந்தத் திமிர்தான் ஒரு நாள் காலையில் என்னை வார்டு ஆபீஸ் பெஞ்சில் வியர்க்க விறுவிறுக்க உட்கார வைத்தது.

ஆரம்பித்து வைத்தவர் அக்கா வீட்டுக்காரர். அத்தானும் அக்காவும் அமெரிக்கா போய்ப் பல வருஷம் ஆகிறது. முதலில் டெக்ஸாஸ். அங்கே இடுப்பில் துப்பாக்கியைச் செருகிச் சட்டையால் மூடிக்கொண்டு போக ஒரு சீட்டும் தேவையில்லையாம். பிறகு வேலை மாறி, நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே அதே துப்பாக்கி அதே சட்டைக்குள் இருந்தால் ஜெயிலாம். லைசென்ஸ் வேண்டும். அதற்கு, இவர் நல்லவர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும்.

"மூணு பேர் கிடைச்சுட்டாங்க மாப்ள. நாலாவது ஆளுக்கு நான் எங்க போவேன்? நம்ம வார்டு ஆபீஸ்ல ஒரு நன்னடத்தை லெட்டர் வாங்கி அனுப்பு" என்றார் போனில்.

"உங்களுக்கு எதுக்கு அத்தான் துப்பாக்கி?"

"கடையில தனியா நிக்கிறேன்ல."

கரப்பான் பூச்சியைப் பார்த்தால் நாற்காலி மேல் ஏறுகிற மனுஷன். அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? விண்ணப்பம் எழுதுவதென்றதும் எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

இங்கேதான் என் மேதாவித்தனம். அமெரிக்கா என்று எழுதினால் ஆபீஸில் நூறு கேள்வி கேட்பார்கள் என்று அந்தச் சொல்லை அடியோடு விட்டுவிட்டேன். மீதி எல்லாவற்றையும் சுத்தமான பர்மியத்தில் பெயர்த்தேன். மாநிலத்துக்கு பர்மியத்தில் 'பியீநே'. (ஷான் பியீநே, கச்சின் பியீநே என்று நம் நாட்டில் கிளர்ச்சிக்காரர்கள் சண்டை போடும் இடங்களும் பியீநேதான். அது ஏனோ எனக்கு அப்போது உறைக்கவில்லை.) பஃபலோவையும் விடவில்லை, 'எருமை நகரம்' ஆக்கினேன். கடைசியில் கடிதம் இப்படி இருந்தது:

'என் அக்காள் கணவர் ஒரு பியீநேயிலிருந்து இன்னொரு பியீநேக்கு மாறியுள்ளார். பழைய பியீநேயில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தடையில்லை. எருமை நகரத்திலும் அவ்வாறே செய்ய விரும்புகிறார். அவர் நல்லவர் என்று சான்றளிக்கவும்.'

ராணுவ ஆட்சியில் இன்றைக்கு இருக்கிற யாங்கோனில் துப்பாக்கி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே ஆள் யோசிப்பான். நான் அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, விலாசமும் குறித்து, நானே கொண்டுபோய் நீட்டினேன்.

வார்டுத் தலைவர் இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். (பேச்செல்லாம் பர்மியத்தில், 'ஐயா' என்பதற்குக்கூட 'ஸயா'. மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டது மட்டும் தமிழில்.)

"எந்தப் பியீநே?" என்றார்.

"டெக்ஸாஸ், ஸயா."

"அது எந்த டவுன்ஷிப்ல வருது?"

"இல்ல ஸயா, அமெரிக்கா..."

"அமெரிக்கான்னு இதுல எங்க இருக்கு?"

இல்லைதான். இல்லாமல் பார்த்துக்கொண்டதே நான்தான்.

அவர் சுவரில் இருந்த வரைபடத்தில் எருமை நகரத்தைத் தேட ஆரம்பித்தார். கிளார்க் டோ ன்யுன் அம்மா, தன் மாமியார் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கிராமம் இருப்பதாக உதவிக்கு வந்தார். புண்ணியவதி. அத்தான் பனியில் நிற்கும் படத்தைப் போனில் காட்டினேன்.

"பனி கச்சின்லயும்தான் பெய்யுது" என்றார் தலைவர்.

அத்தானையே கூப்பிட்டுப் பேச வைக்கலாமென்றால் தடை போட்ட ஆப்பைத் திறக்கப் போனில் விபிஎன் போட வேண்டும், அதற்கும் இங்கே தடை. தலைவர் கண்ணெதிரே அதைப் போட்டால் அது தனி கேஸ். தலைவர் மேசைமேல் இருந்த டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போவேனா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. மனைவியிடம் அரை மணியில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பயத்தில் அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதும் விட்டேன்.

"ஸயா, கொஞ்சம் இருங்க" என்றார் டோ ன்யுன் அம்மா. "இவன் அத்தான் பாஸ்போர்ட்டுக்கு நாமதானே சிபாரிசு எழுதினோம்." பீரோவைக் குடைந்து பழைய நகலை எடுத்து வந்தார். போகும் நாடு: அமெரிக்கா. தலைவர் அதையும் இரண்டு முறை படித்துவிட்டு டெலிபோனைத் தள்ளி வைத்தார். அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆனால் சும்மா விடுவார்களா? தலைவர் சொல்லச் சொல்ல ஓர் உறுதிமொழி எழுதினேன். 'நான் எந்தப் பியீநேயிலும் எந்தத் துப்பாக்கியையும் மறைக்க மாட்டேன், பிறருக்காக விண்ணப்பமும் எழுத மாட்டேன்.' அதில் கையெழுத்து, கட்டைவிரல் ரேகை, வார்டு முத்திரை. நன்னடத்தை லெட்டரைக் கேட்காமலே கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து விபிஎன்னைப் போட்டால், அத்தானிடமிருந்து முந்தின நாளே வந்து கிடந்த செய்தி: "மாப்ள, நாலாவது ஆள் கிடைச்சுட்டாரு. லெட்டர் வேணாம்."

அத்தானுக்கு அந்த ஊரில் இன்னும் லைசென்ஸ் வந்தபாடில்லை. விரல் ரேகை, வகுப்பு, விசாரணை என்று இழுத்துக்கொண்டே போகிறதாம். துப்பாக்கியைப் பற்றி அரசாங்க முத்திரை குத்திய காகிதம் எங்கள் குடும்பத்தில் ஒருவன் பெயரில்தான் இருக்கிறது. அக்கா ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் முதலில் அதைத்தான் விசாரிப்பாள்.

"தம்பி, உன் லைசென்ஸ் பத்திரமா இருக்காடா?"

பத்திரமாகத்தான் இருக்கிறது, வார்டு ஆபீஸ் பீரோவில்.