வேகமான லேப்டாப் வேண்டாம், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். அங்கேயும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். நீ கழித்துக்கட்டிய லேப்டாப் மட்டும்தான் இங்கே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு வேகமான புது லேப்டாப் வாங்கிவிட்டதாகச் சொன்னாயே, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும், அதை அனுப்பிவிடாதே. அவள் வேலைக்கே வேட்டு வைத்துவிடும்.

என்ன வேலை என்று கேட்பாய். எங்கள் வீட்டு மாடியில் குழந்தைகளுக்கு மேற்கத்திய நடனம் சொல்லித்தரும் டீச்சர், பியானோ வாசிக்க ஆள் தேடினார். ஓய்வு பெற்றதிலிருந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த உன் அக்கா, சிறுவயதில் கற்றதை நம்பி, தான் வருவதாகச் சொல்லிவிட்டாள். வீட்டில் பியானோ ஏது? உன் லேப்டாப்பில் பியானோ மென்பொருளை ஏற்றி, ஒரு கீபோர்டை வயரால் இணைத்தோம். அசந்துபோய்விட்டேன் மாப்பிள்ளை! ஒரு பெரிய பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் மெல்லத் தட்டி, ஓங்கித் தட்டிப் பதிவுசெய்து, கம்பி அதிர்ந்து அடங்குவதைக்கூட விடாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள். லேப்டாப்புக்கோ அது குருவி தலையில் பனங்காய். கரகரவென்று இருமியது. மற்றதையெல்லாம் மூடி, இணையத்தைத் துண்டித்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிய பிறகுதான் இருமல் நின்றது. அதன் குரல் கொசு முனகுவதுபோல் இருந்ததால், வயரில்லாத ஸ்பீக்கர் ஒன்றை நானே வாங்கிவந்தேன். என்ன கம்பீரம்! ஆனால் பாவம், கட்டையை அழுத்தினால் ஒரு மூச்சு கழித்துத்தான் சத்தம் வரும். உன் அக்கா அசரவில்லை. சத்தம் வருவதற்குள் அடுத்த கட்டைக்குப் போய்விடுவாள். இந்த வித்தையை எங்கே கற்றாள் என்று வாய் பிளந்து நின்றேன்.

வகுப்பில் நிஜப் பியானோவில் உட்கார வைத்தார்கள். அழுத்தியதுமே சத்தம் வந்துவிட்டது. தேள் கொட்டியது மாதிரி கையை எடுத்துட்டா. மறுபடி வாசிச்சா, எல்லாம் முந்திக்கிட்டே வருது, குழந்தைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுறாங்க, டீச்சர் முகம் சுண்டிப்போச்சு. வீட்டுக்கு ஓடிப்போய் லேப்டாப், கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து பியானோ தலைமேலேயே வெச்சேன். கண்ணை மூடிக்கிட்டு வாசிச்சா பாரு! லேப்டாப் அனல் கக்குது, குழந்தைங்க மிதக்குறாங்க, நான் எல்லார் முன்னாடியும் அழுதுட்டேன்.

“நாளையிலிருந்து வாங்கம்மா. அந்தப் பெட்டியையும் கொண்டுவந்துடுங்க” என்றார் டீச்சர்.

இப்போது தினமும் அதைக் கைக்குழந்தைபோல் மாடிக்குச் சுமக்கிறேன். வேகமானது வந்தால் அவள் கணக்கு குழம்பிவிடும். ஆகவே வேண்டாம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மலைத்துப்போயிருக்கும் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். தாமதம் லேப்டாப்பால் இல்லையாம். நான் வாங்கிய ஸ்பீக்கராலாம். ஆசையாக வாங்கியதாயிற்றே என்று சொல்லாமல் இருந்தாளாம். ஆகவே புது லேப்டாப்பைத் தாராளமாக அனுப்பு, இந்த ஸ்பீக்கரோடு சேர்ந்தால் அதுவும் தாமதமாகத்தான் பாடும். இவ்வளவு தாமதத்தோடு எப்படி வாசித்தாய் என்று கேட்டேன்.

“உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள அடுத்த வேலையைப் பார்த்துப் பழகினவ நான். இதெல்லாம் ஒரு தாமதமா?” என்றாள்.

என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.