மிளகாய் கக்கிய மைனிங் மிஷின்

எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண்ணைக் கட்டிக்கொடுப்பதும் ஒரு சர்வீஸ் சென்டரையே சீதனமாகக் கொடுப்பதும் ஒன்றுதான். இந்த உண்மை என்னைப் பெற்றவர்களுக்குத் தெரியவில்லை. செஞ்சியில் என்னைக் கட்டிக்கொண்ட வீட்டாருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன் என்பதில் பொய்யில்லை. பரீட்சை எழுதினேன், பாஸ் செய்தேன். பிறகு சென்னையில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் உட்கார்ந்து, யார் யார் லீவு போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சால்டரிங் அயர்னைக் கடைசியாகத் தொட்டது காலேஜ் லேபில். (அதுவும் தொடக்கூடாத முனையை. தழும்பு இன்னும் இருக்கிறது.)

கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டு மிக்சி நின்றுபோனது. அதன் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கினேன், ஓடியது. பக்கத்து வீட்டு செட்டாப் பாக்ஸ் மக்கர் செய்தது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினேன், படம் வந்தது. அவ்வளவுதான். கடைத்தெருவிலிருந்து கோட்டைக்குப் போகிற ரோடு வரைக்கும் என் புகழ் பரவிவிட்டது. எனக்கும் அது கொஞ்சம் பிடித்திருந்தது. மறுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

என் மாமனார் கடைத்தெருவுக்குப் பின்னால் மாவு மிஷின் வைத்திருக்கிறார். அரிசி, ராகி, மல்லி எல்லாம் அரைத்தாலும் ஓடுவதில் பெரும்பங்கு மிளகாய்தான். வீடு அதை ஒட்டியே இருக்கிறது. மிஷினைப் பார்த்துக்கொள்வது என் நாத்தனார் தேவி. பி.காம் முடித்தவள். மிஷின் ஓடும் இரைச்சலில் கஸ்டமரிடம் பேசிப் பேசி, அவள் ரகசியம் சொன்னாலே அடுத்த தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு குடும்பம், "பொண்ணு நல்லாத்தான் இருக்குது, சத்தம்தான் ஜாஸ்தி" என்று தரகரிடம் சொல்லிவிட்டது. அதிலிருந்து என் மாமியாருக்குத் தூக்கம் இல்லை.

இந்தக் குடும்பத்துக்குள்தான் என் கொழுந்தன் பிரகாஷ் ஒரு பிட்காயின் மைனிங் மிஷினைக் கொண்டுவந்தான். பெங்களூரில் யாரோ தொழிலை விட்டுவிட்டுப் போகும்போது விற்ற பழைய மிஷின். ஷூ டப்பாவை நீட்டி இரும்பில் செய்ததுபோல இருக்கும். முன்னால் இரண்டு விசிறி, பின்னால் இரண்டு விசிறி, நடுவில் மூன்று போர்டுகள்.

"இன்னாடா பண்ணும் இது?" என்று கேட்டார் மாமா.

"கணக்கு போடும் நைனா. அது போடற கணக்கு சரியா வந்தா காசு வரும்."

"நானும் கல்லாவுல உக்காந்து தெனம் கணக்கு போடறேன். எவன்டா எனக்குக் குடுத்தான்?"

அந்த மிஷினை நாள் முழுக்க ஓட்ட வீட்டு கரண்ட் தாங்காது என்று பிரகாஷ் அதை மாவு மிஷின் அறையின் மூலையில் வைத்தான். அங்கே கரண்ட் பலமாக இருந்தது. அது போடுகிற கூச்சலும் அங்கே எடுபடாது. மல்லி அரைக்க வந்த ஒரு அம்மா, "இதுல ராகி நைசா வருமா தம்பி?" என்று கேட்டதைத் தவிர எந்தப் பிரச்சினையும் இல்லை. கொஞ்ச நாள் ஓடியது. பிறகு சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"அண்ணி, படுத்துக்கிச்சி. நீங்க ஒரு தபா பாத்தா எந்திரிச்சிடும்" என்றான் பிரகாஷ்.

'எனக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், "ஸ்க்ரூ டிரைவர் குடு" என்றேன்.

மிஷினை மாடி அறைக்குக் கொண்டுபோய், யூடியூப் வீடியோக்களை ஓடவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினேன். லேப்டாப்பில் அதன் விவரங்களைத் திறந்தால் இரண்டு குறைகள் தெரிந்தன. மூன்று போர்டுகளும் உள்ளே இருந்தாலும் திரையில் ஒன்றைக் காணவில்லை. மற்ற இரண்டும் ஓட ஆரம்பித்த சில நிமிடங்களில் சூடு எகிறி எல்லாம் நின்றுவிடுகிறது.

காணாமல்போன போர்டை முதலில் எடுத்துக்கொண்டேன். அதற்குப் போகும் பட்டைக் கேபிளையும் நன்றாக இருக்கும் ஒரு போர்டின் கேபிளையும் கழற்றி, இடம் மாற்றி மாட்டினேன். உடனே அந்த நல்ல போர்டு காணாமல்போய், காணாமல்போனது திரும்பி வந்தது. அப்படியானால் போர்டில் தப்பில்லை, கேபிளில்தான்! அதன் முனையைப் பார்த்தேன், சிவப்பாகப் பொடி அப்பியிருந்தது. ரப்பரால் துடைத்து மாட்டினேன். மூன்று போர்டுகளும் வந்தன. மாடியில் தனியாக ஒரு குதி குதித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக நான் இன்ஜினியர் ஆகிவிட்டேன்.

அந்தச் சிவப்புப் பொடி என்ன என்று அப்போதே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். குதிக்கிறவள் எங்கே யோசிப்பாள்?

மிச்சம் இருந்தது சூடு. போர்டுகளின் மேல் வரிசை வரிசையாக அலுமினியத் தகடுகள் இருக்கும். விசிறிக் காற்று அவற்றின் இடுக்குகளில் புகுந்து சூட்டை வெளியே தள்ள வேண்டும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் இடுக்கே தெரியவில்லை. பக்கத்தில் அரைத்த மிளகாய் முழுவதையும் அந்த விசிறிகள் இழுத்து உள்ளே திணித்து வைத்திருந்தன. பெயிண்ட் பிரஷ்ஷை விட்டுக் குடைந்தேன். தும்மினேன், குடைந்தேன், மறுபடி தும்மினேன். கொஞ்சம் வெளியே கொட்டியது. மிச்சத்தை, கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்ததை, நன்றாக உதிர்த்து உள்ளேயே விட்டிருக்கிறேன். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று பிளக்கை எடுத்தபோது கீழேயிருந்து அத்தை கூப்பிட்டார்.

"மிஷின நோண்டனது போதும். மாப்ள வூட்டுக்காரங்க வர நேரம். வந்து கேசரியைக் கிளறு!"

தேவியைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊர் அனந்தபுரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை கார்த்தி, அவருடைய அப்பா, அம்மா, கூடவே தரகர். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைவெளேரென்று சட்டை போட்டு, மடிப்புக் கலையாமல் சோபாவில் உட்கார்ந்தார். உள்ளே அத்தை தேவிக்குக் கடைசிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "தலைய குனிஞ்சிக்கோ. கேட்டா மட்டும் பேசு. அதுவும் உன் குரல்ல பேசாத."

கூடத்தில் பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் என்மேல் வந்து நின்றது. "எங்க மருமக எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். பிட்காயின் மிஷினையே பிரிச்சி மாட்டிட்டா" என்றார் மாமா.

"அப்டியா? ஓடுதா?" என்று கேட்டார் வெள்ளைச் சட்டை. கேள்வியில் லேசாகச் சந்தேகம் இருந்தது.

பிரகாஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாடிக்கு ஓடிப்போய் மிஷினைத் தூக்கிவந்து கூடத்து மேஜைமேல் வைத்தான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'இன்னும் ஓட்டிப் பார்க்கலைங்க, இன்னொரு நாள் பார்க்கலாம்' என்றிருக்க வேண்டும். செய்தது என்ன? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிவியில் சமையல் செய்து காட்டுகிறவர் மாதிரி மேஜைக்குப் பின்னால் போய் நின்றேன்.

இன்டர்நெட் வயர் குட்டையாக இருந்தது. வயர் மாட்டும் பக்கம் சுவரைப் பார்த்து இருந்தால்தான் எட்டியது. ஆகவே மிஷினின் பின்பக்கம், அதாவது காற்றை வெளியே தள்ளும் பக்கம், சோபாவைப் பார்த்து நின்றது. ஏசி பிளக்கில் சொருகி, சுவிட்சைப் போட்டேன்.

இந்த மிஷின்களுக்கு ஒரு குணம் உண்டு. எடுத்த எடுப்பிலேயே நான்கு விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றும், பிறகுதான் நிதானத்துக்கு வரும். 'ஊஊஊய்' என்று ஒரு சத்தம் எழுந்தது. சத்தத்தோடு அதன் வயிற்றிலிருந்து செக்கச்செவேலென்று ஒரு மேகம் கிளம்பி நேராகச் சோபாவுக்குப் போனது.

வெள்ளைச் சட்டை கண்ணெதிரே குண்டூர் மிளகாயாக மாறியது. தரகர் தும்மிய தும்மலில் கேசரித் தட்டு பறந்தது. மாப்பிள்ளை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா, "எம்மா, எம்மா" என்று காற்றைத் துழாவினார். மாமா இருமிக்கொண்டே, "நிறுத்து, நிறுத்து" என்று எதிர்த் திசையில் கையைக் காட்டினார். எனக்கும் கண் தெரியவில்லை. சுவிட்ச் என்று நினைத்து நான் தட்டியது காலண்டரை.

சரியாக அப்போது தேவி காப்பித் தட்டோடு, தலையைக் குனிந்துகொண்டு, அன்ன நடை நடந்து வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். முந்தானையை மூக்கில் கட்டினாள்.

"யாரும் கண்ண கசக்காதீங்க!"

மாவு மிஷின் இரைச்சலை மீறிப் பழகிய குரல். கூடம் அதிர்ந்தது. எல்லாருடைய கையும் அப்படியே நின்றது.

"பிரகாசு, ஜன்னலைத் தொற! நைனா, அங்கயே நில்லு! அண்ணி, நீ எதையும் தொடாத!"

விறுவிறுவென்று வந்து சுவிட்சை அணைத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவைக் கையைப் பிடித்துக் கொல்லைக் குழாய்க்கு அழைத்துப்போய், தண்ணீரை அள்ளி அள்ளி முகம் கழுவிவிட்டாள். அடுத்து அப்பா, அடுத்து தரகர். மாப்பிள்ளையிடம், "வாயத் தொறந்து பாத்துக்கினு நிக்காதீங்க, தொண்டைக்குள்ள போயிடும்" என்று அதட்டினாள். அவர் டக்கென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்த தெருக்காரர்களை, "ஒண்ணுமில்ல, போங்க!" என்று விரட்டினாள்.

வந்தவர்கள் சிவந்த கண்களோடு கிளம்பினார்கள். "சொல்லி அனுப்பறோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. கல்யாண விஷயத்தில் 'சொல்லி அனுப்பறோம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கு முழுக்க அத்தை பாத்திரங்களோடு மட்டும் பேசினார், அதுவும் ஓங்கி வைத்து. என் கணவர், "வேணும்னா ரெண்டு நாள் உங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு வரியா?" என்று அன்பாகக் கேட்டார். தேவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அண்ணி, நான் ரொம்ப கத்திட்டேன் இல்ல?" என்றாள், வராத மெல்லிய குரலில். அதற்கு அவள் என்னை நான்கு அறை அறைந்திருக்கலாம். என் பவிசைக் காட்டப்போய் ஒரு பெண்ணின் கல்யாணத்தில் மிளகாயைத் தூவிவிட்டேனே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் அத்தையின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. அத்தை அவசரத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"சம்பந்தி, நல்ல நாளு பாருங்க" என்றது போன்.

அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தம்மாவே தொடர்ந்தார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்மா. எங்க வூட்ல எல்லாரும் முணுமுணுன்னு பேசறாங்க, ஒண்ணும் வெளங்கறதில்ல. நேத்து உங்க பொண்ணு பேசினது எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டுது. புள்ளையும் இவதான்னு நிக்கறான். எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

நான் அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நெஞ்சில் ஏறி நின்றிருந்த செஞ்சி மலை மொத்தமும் இறங்கியது போலிருந்தது. அத்தை என்னைப் பார்த்து முந்தைய நாளிலிருந்து முதல் வார்த்தை பேசினார். "இன்னும் கண்ணுல மிளகா போகலியா உனக்கு?" சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அந்த மிஷினையும் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் இருந்ததையெல்லாம் விருந்தாளிகள்மேல் துப்பிவிட்டதால் உள்ளே சுத்தமாகிவிட்டது. மொட்டைமாடியில் வைத்து ஓட்டினால் மூன்று போர்டுகளும் ஓடின, சூடும் ஏறவில்லை. ஆக, ரிப்பேர் வெற்றி! (இதை நான் மட்டும்தான் சொல்லிக்கொள்கிறேன்.) பிரகாஷ் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டுப் புதுச்சேரிக்காரர் ஒருவருக்கு விற்றான். தெருவில் விஷயம் பரவியதிலிருந்து ஒரு மிக்சி, ஒரு ரிமோட்கூட என்னிடம் வரவில்லை. எத்தனை நிம்மதி தெரியுமா? மதியத்தில் தூங்கக்கூட நேரம் கிடைக்கிறது.

மாப்பிள்ளை கார்த்திதான் இன்னும் விடுவதாயில்லை. போன கோடையில் தேவியும் அவரும் வந்திருந்தார்கள். ஒரே புழுக்கம். புதிதாக வாங்கிய டேபிள் ஃபேனை எடுத்துவந்து பிளக்கைச் சொருகினேன். அவர் மெதுவாக எழுந்து கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டார். "அக்கா, இதுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது?" என்று பணிவாகக் கேட்டார். மாமா எழுந்தார். அத்தை எழுந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் ஃபேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

சுவிட்சில் விரலை வைத்தேன். ஒரு விநாடி யோசித்தேன். பிறகு, "தேவி, நீயே போடு" என்று சொல்லிவிட்டு நானும் போய் அவர்களோடு நின்றுகொண்டேன்.